பஞ்சுவுக்கு ஒரு பேரம்

...இல்ல டீச்சர், லிப்டு இல்லாத கட்டடத்துல மூணாவது மாடியில மனுஷங்க குடியிருக்கலாம், தப்பில்ல. பூனையும் மூணாவது மாடியிலதான் குடியிருக்கணுமா? கீழ ஒரு மூலையில வச்சுக்கிட்டா என்ன கொறஞ்சா போயிடும்? இருங்க... ஒரு நிமிஷம்... மூச்சு... ம். இப்பப் பரவால்ல. இந்த நீலப் பம்பு இருக்கே, தங்கம். அழுத்தினா அடுத்த நிமிஷம் வேலை செய்யுது. குடுத்த காசுக்கு நாணயமான சரக்கு.

நீங்க பாட்டுக்குப் பேப்பர் திருத்துங்க, எனக்குப் பதில்லாம் வேணாம். நான் யாருன்னு தெரியுதுல்ல? பின்தெருவுல பழைய மெத்தை, பழைய சோபா வாங்கி விக்கிற கடை. போன மழைக்காலத்துல ஒரு பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்து ஒரு சாம்பல் பூனையை உங்க கையில குடுத்துட்டுப் போச்சே, அதோட அப்பன்.

விஷயம் ஒண்ணுமில்ல. அந்தப் பஞ்சுவைத் திருப்பி வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.

இதோ பாருங்க, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் அந்தப் பூனையை. ஒரு காது கடிபட்டது. வாலு நுனியில ஒரு கோணல். வயசும் ஏறிடுச்சு. தின்னும், தூங்கும், எலி வந்தா எழுந்து வழி விடும். இப்படி ஒரு உருப்படியை வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்யப்போறீங்க? அதான் நானே... என்ன டீச்சர், பேனாவைக் கீழ வச்சுட்டுப் பாக்கறீங்க? தொழில் புத்தி டீச்சர். எதை வாங்கப் போனாலும் மொதல்ல கொறை சொல்லிடுவேன். கல்யாணம் பேசப் போன எடத்துல ஜன்னல் திரை சாயம் போயிருக்குன்னு சொன்னவன் நான். என் சம்சாரம் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டறா.

சோபா நல்லா இருக்கே. புதுசுன்னு சொல்லித்தானே உங்க தலையில கட்டினாங்க? இருங்க, இந்தத் திண்டை ஒரு இழுப்பு... ம்ஹும். துணி மட்டும் புதுசு. உள்ள இருக்கற பஞ்சு ரெண்டு வீடு பாத்தது. ஒரு வீட்டுல யாரோ வெறும் உடம்போட படுத்து வேர்த்திருக்காங்க.

பள்ளிக்கூடப் படிப்பெல்லாம் எனக்குக் கெடையாது டீச்சர். மூக்குதான் படிப்பு. ஒருத்தன் மெத்தை கொண்டாந்தான்னா, ஒரு தட்டு தட்டுவேன், மூக்கை வச்சு ஆழமா ஒரு இழுப்பு இழுப்பேன். வெயில் கண்டதா, மூடிக் கெடந்ததா, கொழந்தை படுத்ததா, சீக்காளி படுத்ததா, எல்லாம் தெரிஞ்சிடும். தெரிஞ்சதைச் சொன்னேன்னா வித்தவன் வாய் அடைச்சுப்போயிடும். வெலை தானா எறங்கும். இந்த மூக்கை வச்சுத்தான் வீடு கட்டினேன், பொண்ணைப் படிக்கவச்சேன்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாள் நெஞ்சுல விசில் அடிக்க ஆரம்பிச்சுது. கேக்க ஆசையாத்தான் இருந்துச்சு மொதல்ல, உள்ள யாரோ ஊதறாப்பல. அப்புறம் விடியக்காலை இருமல். மாடி ஏறினா நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குனாப்பல. கண்ணு அரிப்பு, மூக்குல தண்ணி. தும்மல்னா தும்மல், கடை ஷட்டர் அதிரும்!

டாக்டர்கிட்ட போனேன். சின்னப் பொண்ணு. ஸ்டெதாஸ்கோப்பை முதுகுல வச்சுக் கேட்டுட்டு, ஆஸ்துமா மாதிரி தெரியுதுங்குது. எனக்கு வந்ததே கோபம்! ஆஸ்துமான்னா எவ்வளவு பெரிய வார்த்தை! ஊர்ல நாலு பேர் காதுல விழுந்தா என்ன ஆகும்? மூச்சு வாங்கற ஆளுகூட எவன் பேரம் பேசுவான்? நான் இருமி முடிக்கறதுக்குள்ள அவன் வெலையை ஏத்திடுவான்ல? நான் சொன்னேன், டாக்டரம்மா, கடைசியாச் சொல்லுங்க, அலர்ஜின்னு போட்டுக்கலாமா? அலர்ஜி கௌரவமான நோய் டீச்சர். வசதியானவங்களுக்கெல்லாம் இருக்கு. பூவைப் பாத்தா அலர்ஜி, பாலைக் குடிச்சா அலர்ஜி, கேக்கவே நாகரிகமா இருக்கும்.

அது சிரிக்கல. பேரம் பேசற எடத்துல சிரிக்காத ஆளைக் கண்டா எனக்குப் பயம். பொறுமையாச் சொல்லுச்சு: அலர்ஜிங்கறது, ஒண்ணும் செய்யாத பொருள்கிட்ட ஒடம்பு தானா வலியப்போயி சண்டைக்கு நிக்கறது. மூக்கு, கண்ணு, தோலுன்னு எங்க வேணாலும் காட்டும். ஆஸ்துமாங்கறது நெஞ்சுக்குள்ள காத்துக் கொழாய் வீங்கிச் சுருங்கறது. விசில், இறுக்கம், விடாத இருமல், எல்லாம் அதோட வேலை. ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா நெறைய பேருக்குச் சேந்தே இருக்கும், அலர்ஜியே ஆஸ்துமாவைத் தட்டி எழுப்பிவிடும்னுச்சு. ஒண்ணும் செய்யாதவங்ககிட்ட சண்டைக்கு நிக்கறதுன்னு சொல்றப்ப என்னையே பாத்துச்சு. எதுக்குன்னு புரியல.

கொழாய்ல ஊதுங்க, கையில சொட்டு வச்சுக் குத்திப் பாக்கலாம், அப்பத்தான் நிச்சயமாத் தெரியும்னுச்சு. எதுக்கு டீச்சர்? கடைசியில அவ வாயாலயே "அலர்ஜியும் இருக்கலாம்"னு வந்துடுச்சுல்ல? அதோட எழுந்துட்டேன். வெலை படிஞ்சப்புறம் கடையில நிக்கக் கூடாது.

ஆனா ரெண்டு பம்பு எழுதிக் குடுத்துடுச்சு. இந்த நீலம், மூச்சு முட்டறப்ப. இன்னொண்ணு காவிக் கலர், தெனம் காலையிலயும் ராத்திரியும், நல்லா இருந்தாலும் இழுக்கணுமாம். இழுத்துப் பாத்தேன். ஒண்ணும் ஆகல! ஒரு பொருள் வேலை செஞ்சா தெரிய வேணாமா? உள்வீக்கத்தை மெல்ல மெல்லக் கொறைக்குமாம். மெல்ல மெல்லன்னு சொல்லி என்கிட்ட எத்தனை பேர் ஒடஞ்ச கட்டிலை விக்கப் பாத்திருக்கான்! தூக்கி அலமாரியில போட்டேன்.

சரி, அலர்ஜின்னு முடிவாச்சு. எதனால? வீட்டைச் சுத்திப் பாத்தேன். சோபா மேல பஞ்சு, கால் மேல கால் போட்டுக்கிட்டு. சிக்குச்சுடா திருடன்!

என் பொண்ணு அதைக் கடையில பழைய மெத்தை அடுக்குக்குள்ளருந்து எடுத்தா, உள்ளங்கை அளவு குட்டியா. பஞ்சுலருந்து வந்ததால பஞ்சு. வேலை முடிச்சு வந்தா என்கிட்ட பேசறதுக்கு முன்னாடி அதுகிட்ட பேசுவா. சரி, அதெல்லாம் ஒரு விஷயமா. நான் சத்தம் போட்டேன். அக்கம்பக்கம் கேக்கற மாதிரிதான் போட்டேன்: "இந்த வீட்டுல பூனையா அப்பனா, ஒண்ணு முடிவு பண்ணு!" பேரத்துல கடைசி வார்த்தை அப்படித்தான் போடணும் டீச்சர், எதிராளி அசந்துடுவான்.

அவ அசரல. பூனையை ஒங்ககிட்ட குடுத்தா. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்டினா. "ஒங்களுக்கு நல்லா மூச்சு வரட்டும்ப்பா"ன்னுட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் என் போனை எடுக்கறதில்ல. அம்மாகிட்ட மட்டும் கேப்பாளாம், மருந்து எடுக்கறாரான்னு. என் சம்சாரம் தட்டை வைக்கற சத்தத்துலயே, அவகிட்ட என்ன பதில் சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரிஞ்சிடும்.

இதுல கொடுமை என்ன தெரியுமா? பூனை போனதும் விசில் நின்னுடுச்சு! எனக்குத் தல கால் புரியல. நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்லன்னு பாக்கறவன்கிட்டல்லாம் சொன்னேன். மழையில கூரை ஒழுகி அப்பக் கடையைப் பூட்டிவச்சிருந்தேன். கூரை வேலை முடிஞ்சு கடையைத் தொறந்தேன், விசிலும் தொறந்துடுச்சு. மிச்சம் இருக்கற பூனை முடின்னு திரையெல்லாம் கழட்டினேன். சம்சாரத்தோட பவுடரைத் தூக்கிப் போட்டேன். எதிர்வீட்டுக்காரன் ஜன்னல்ல புறா வளக்கறான்னு சண்டைக்குப் போனேன். வளக்கலயாம், அதுங்களா வந்து உக்காருதாம். அதுக்கும் சண்டை போட்டேன்.

போன வாரம் கடையிலயே சுருண்டுட்டேன். ஒரு மெத்தையை மோந்து பாத்துக்கிட்டு இருந்தவன் அப்படியே அது மேலயே சாஞ்சுட்டேன். விக்க வந்தவன், மெத்தை பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சு வெலையை ஏத்திட்டான், படுபாவி!

மறுபடி அதே டாக்டர் பொண்ணு. இந்தத் தடவை பேச விடல. கொழாயை வாயில வச்சு ஊதச் சொல்லுச்சு. ஊதினேன். மருந்து இழுக்க வச்சு, கொஞ்ச நேரம் உக்கார வச்சு, மறுபடி ஊதச் சொல்லுச்சு. கணக்கு நல்லா ஏறிடுச்சு! பாத்தீங்களா, நான் நல்லாருக்கேன்னு துள்ளினேன். மருந்துக்கு இப்படி ஏறுதுங்கறதுதான் ஆஸ்துமாவுக்கு அடையாளம்னுச்சு. லாபத்தையே நஷ்டக் கணக்குல எழுதற ஆளை அன்னைக்குத்தான் பாத்தேன்.

அப்புறம் கையில வரிசையாச் சொட்டு வச்சு லேசாக் குத்துச்சு. ஒவ்வொரு சொட்டும் ஒரு சந்தேகம். ஒண்ணு மட்டும் கொசு கடிச்சாப்பல பொங்கி, செவந்து, அரிச்சுத் தள்ளிடுச்சு. பூனைதானேன்னேன். இல்லையாம். மெத்தைத் தூசியில இருக்கற பூச்சியாம், கண்ணுக்கே தெரியாதாம். பூனை எங்கன்னு கேட்டேன். கையில பக்கத்துச் சொட்டு வச்ச எடத்தைக் காட்டுச்சு. ஒண்ணுமே இல்ல டீச்சர். கழுவிவிட்ட தரை மாதிரி, சுத்தமா, ஒரு புள்ளி கூட இல்ல.

ஆக, ஆஸ்துமாவும் இருக்கு, அலர்ஜியும் இருக்கு. வாழ்க்கையில மொத தடவையா பேரம் பேசி ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிட்டு வந்திருக்கேன். மெத்தையை மோக்கக் கூடாதாம், மூக்கை மூடிக்கிட்டுத் தொழில் பண்ணணுமாம். விட்டுட்டேன் டீச்சர். சத்தியமா மோக்கறத விட்டுட்டேன். இந்தத் திண்டு மட்டும் என்னமோ... இன்னொரு இழுப்பு... ரெண்டு வீடு இல்ல, மூணு வீடு.

சரி, பூனைக்கு வருவோம். என்ன வேணும் ஒங்களுக்கு? புது நாற்காலி? ஒரு நல்ல கட்டில்? கேளுங்க.

...என்னது?

அவகிட்ட நானே போன்ல சொல்லணுமா? பூனை மேல தப்பில்லன்னு? ஒங்க முன்னாடியே? அப்பத்தான் குடுப்பீங்களா? என்ன டீச்சர், எழுந்து நிக்க வச்சுப் பாடம் ஒப்பிக்கச் சொல்றீங்க! சரி, எனக்கும் வேணாம், ஒங்களுக்கும் வேணாம், பாதி சொல்றேன். "டாக்டர் என்னமோ சொல்றாங்கம்மா, பூனையும் கொஞ்சம் காரணமா இருக்கலாம், ஆனா அப்பா பெருந்தன்மையா..." சரி, பெருந்தன்மையை எடுத்துடறேன். முக்கால்வாசி சொல்றேன். "பூனையும் இருக்கலாம், தூசியும் இருக்கலாம்." இதுக்கு மேல எறங்க முடியாது டீச்சர், என் அடக்க வெலையே... இருங்க... அய்யோ... நெஞ்சு... விசில்... பம்பு எங்க... பாத்தீங்களா! பாத்தீங்களா நான் சொன்னேன்ல! பூனை இருக்கற வீட்டுக்குள்ள காலை வச்ச ஒடனே... எங்க அது? மேஜைக்குக் கீழதானே ஒளிஞ்சிருக்கு?

...பேனாவால எங்க காட்டறீங்க?

பால்கனியா.

கண்ணாடிக் கதவு சாத்தித்தான் இருக்கு. அந்தப் பக்கம் வெயில்ல மல்லாந்து கெடக்கு. நான் வந்ததுலருந்தா?

ம்.

இந்தத் திண்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வச்சிடுங்க டீச்சர்.

ஒங்க போனைக் குடுங்க. என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டா. ...அடிக்குது... அம்மாடி, அப்பா. வச்சிடாத, வச்சிடாத. டீச்சர் வீட்டுலருந்து. நல்லாத்தான் இருக்கேன், மாடி ஏறினேன், அதான். இல்ல, மாடி இல்ல, சோபாவை மோந்துட்டேன். கேளு. பஞ்சு மேல தப்பே இல்லம்மா. டாக்டர் குத்திப் பாத்துட்டாங்க. எல்லாம் மெத்தைத் தூசி, என் மூக்கு, என் வாய். கால்வாசி கூட பூனை இல்ல. ஞாயித்துக்கெழமை வர்றியா? பஞ்சுவும் வீட்டுல இருக்கும்.

...என்னம்மா? அந்தக் காவிப் பம்பா? அலமாரியில இருக்கு. தெனமுமா? காலையில மட்டும் இழுத்தாப் போதும்ல, ராத்திரி சும்மா தூங்கத்தானே...

சரி.

சரிம்மா, வச்சிடாத. ரெண்டு வேளையும்.