அம்மா, அந்த டேப்லெட்டைக் கீழே வை

“ஹலோ… மா, நான்தான்… ஆமா, ஆமா, சாப்ட்டேன்… சாப்ட்டேன்னு சொல்றேன்ல… இல்ல, இத்த கேளு. இப்போ கையில இன்னா வெச்சிகினு கீற?… பொய் சொல்லாதமா. டேப்லெட்தான?”

ரூபஸ் ஒரு காதில் போனை அழுத்தி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு கத்தினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தக் கணினி அறை முழுக்க மின்விசிறிகளின் இரைச்சல். கூரைக்குள் ஏசி குழாய் உடைந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, சரியாக அவனுடைய கணினிகள் அடுக்கிய இரும்பு அலமாரியின் தலைமேல். மேலாளர் பார்த்தசாரதி ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, தன் மனைவியின் மயில்கழுத்து நிறக் குடையை அலமாரிக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசலில் எலக்ட்ரீஷியன் மெயின் சுவிட்சில் கைவைத்துக் காத்திருந்தார். தண்ணீர் உள்ளே இறங்குவதற்குள் கரண்டை நிறுத்தியாக வேண்டும்.

“நான் உன்ன திட்டலமா. ‘கானாவூர்’ சைட்டுல எனக்கு பொண்ணு தேடிகினு கீற, அவ்ளோதான? தேடு. வேணாங்கல… எனக்கு எப்டி தெரியுமா? சைட்டு ஓனர் ஞானசேகரனே போன் பண்ணாரு. திருமுல்லைவாயில் எவாஞ்சலின் அம்மாதான் எங்க மெஷினையே ஆட்டி வெக்கிறாங்கன்னு… அதுல இன்னாமா பெரும உனக்கு?”

கிறிஸ்தவர்களுக்கான அந்தக் கானாவூர் திருமண இணையதளம் ஓடிய கணினியைக் கையால் தொட முடியாது. அது ஒரு பெரிய கணினிக்குள் மென்பொருளாகவே குடியிருந்த கணினி. அதனோடு இருந்தவை எல்லாம் கம்பி வழியாக நசரத்பேட்டையில் இருந்த இன்னொரு கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இது மட்டும் நகரவில்லை. நிறுத்திவிட்டு நகர்த்தலாம் என்றால், எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது என்பது ஞானசேகரனோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஆகவே ஓடும்போதே அதன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக நகலெடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பிய பக்கம் அதற்குள் மாறிவிட்டால் திரும்ப அனுப்ப வேண்டும். மிச்சம் கொஞ்சம்தான் என்ற நிலை வந்ததும் கண் இமைக்கிற நேரத்தில் அங்கே மாற்றிவிடலாம். அந்த நிலைதான் வரவில்லை.

“நீ பொண்ணோட ஒசரத்த மாத்துன ஒடனே, உள்ள கீற அத்தன பொண்ணுங்களையும் அது பொரட்டிப் போட்டு புச்சா அடுக்குதுமா. அத்த நான் அனுப்பறதுக்குள்ள நீ சபைய மாத்துற. சி.எஸ்.ஐ.ல இருந்து ஆர்.சி., ஆர்.சி.ல இருந்து மறுபடி சி.எஸ்.ஐ… மனசு மாறட்டும்மா, அது உன் இஷ்டம். ஆனா நான் அனுப்புன பக்கமெல்லாம் பழசாய்டுதே!… பேப்பர் இல்லமா. நான் பேப்பர் கடையில வேல செய்யல. எத்தினி வாட்டி சொல்றது?”

பார்த்தசாரதி குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சிந்திய தண்ணீர் அவருடைய சட்டைக் காலருக்குள் இறங்கியது. அவர் ரூபஸைப் பார்த்தார்.

பாவம், அவர்கள் செய்யாதது ஒன்றும் இல்லை. வெற்றுப் பக்கங்களை அனுப்பாமல் விட்டார்கள். மற்றவற்றைச் சுருக்கி அனுப்பினார்கள். ஒரு பக்கத்தில் நாலு எழுத்து மாறினால் அந்த நாலு எழுத்தை மட்டும் அனுப்பினார்கள். இரண்டாவது கம்பியையும் திறந்துவிட்டு வேகத்தை இரட்டிப்பாக்கினார்கள். அங்கே ரூபஸின் அம்மா எவாஞ்சலினும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். கடைசியில் அந்தக் கணினியின் ஓட்டத்தையே மந்தமாக்கிப் பார்த்தார்கள். இணையதளம் திறக்கவில்லை என்று அவர் இன்னும் பலமாகத் தட்டினார். அந்த ஒரு கணக்கை மட்டும் சற்று நேரம் மூடி வையுங்கள் என்று ஞானசேகரனிடம் கெஞ்சினார்கள். வரன் தேடும் தாயின் கையைத் தட்டிவிடும் பாவம் தனக்கு வேண்டாம் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

நசரத்பேட்டையில் இதையெல்லாம் வாங்கிக்கொள்ள உட்கார்ந்திருந்தவள் ஷைலா. அவளோடு பேசுவதற்கான போன் ரூபஸின் மேசைமேல், இணைப்பைத் துண்டிக்காமல், ஸ்பீக்கரில் திறந்தபடியே கிடந்தது.

“கொஞ்ச நேரம்மா. கண்ண மூடி ஒரு ஜெபம் பண்ணு, அதுக்குள்ள முட்ச்சிடுவேன்… அந்தப் பொண்ண யாரும் கொத்திகினு போய்ட மாட்டாங்க… சரி, கீழ வெச்சிட்டியா? வெச்சிட்டல்ல? தேங்க்ஸ்மா… இரு. வெச்சிட்டேன்ற, அப்புறம் ஏன் இங்க ஏறிகினே கீது?… யார் கையில?… தாட்சாயிணி ஆன்ட்டி கையிலயா! மா, அவங்க பக்கத்து ஊட்டுக்காரங்கமா, அவங்களுக்கு இன்னா தெரியும்… நட்சத்திரமா? நம்ம சைட்டுல நட்சத்திரம் இல்லன்னு சொல்லுமா! தேட வேணாம்னு சொல்லு!”

திரையில், அனுப்ப வேண்டிய மிச்சத்தைக் காட்டும் சிவப்புக் கோடு செங்குத்தாக ஏறியது. தாட்சாயிணி இல்லாத நட்சத்திரத்தைத் தேடத் தேட, கானாவூர் தன்னிடம் இருந்த மணப்பெண்கள் அனைவரையும் குலுக்கிக் குலுக்கிக் கொட்டியது. குடையின் கம்பி ஒன்று மடங்கிக்கொண்டது. ஒரு சொட்டு அலமாரியின் மேல்தகட்டில் விழுந்து ‘டொக்’கென்றது. எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார்.

“மா, திரும்ப நீயே வாங்கிக்க. ஆன்ட்டிக்கு நீ எவ்ளோவோ மேல்… இல்லமா, கல்யாணம் வேணாம்னு நான் எப்போ சொன்னேன்?… சாமியாரா போகல… உனக்கு எப்டி புரிய வெக்கிறது… ஆமா… ஆமா… சரி, அழாத. அழுதுகினே ஏம்மா தட்டுற?… சொல்லிட்றேன். சொல்லிட்றேன், கைய எடு.”

ரூபஸ் மூச்சை இழுத்துக்கொண்டான். அந்தப் பேச்சுக்காக அவன் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. உண்மையைத் தவிர வேறு எதுவும் அந்தச் சமயத்தில் வாயில் வரவில்லை.

“எனக்கு ஒரு பொண்ண புடிச்சிருக்குமா.”

திரையில் சிவப்புக் கோடு தயங்கியது, வளைந்தது, சரிந்தது. திருமுல்லைவாயிலில் இரண்டு பெண்களின் கைகள் ஒரே சமயத்தில் நின்றுபோயிருந்தன. மிச்சப் பக்கங்கள் விறுவிறுவென்று கம்பியில் ஓடின. கோடு தரையைத் தொட்டது. கணினி இங்கே அணைந்து அங்கே விழித்தது. இணையதளத்தில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தசாரதி குடையை வீசிவிட்டுக் குதித்தார். எலக்ட்ரீஷியன் சுவிட்சை இறக்கினார். விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அவசர விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. அந்த நிசப்தத்தில் ரூபஸின் குரல்தான் ரொம்பப் பெரிதாகக் கேட்டது.

“…ஹலோ? மா, கீறியா?… ஷைலா. பேரு ஷைலா… எங்க ஆளுதான், நசரத்பேட்டை ஆபீஸு. டெய்லி பேசிக்குவோம், வேல விஷயமா… ஒசரமா? தெரியாதுமா… கலரும் தெரியாது. பாத்ததே இல்லமா. நான் இங்க, அவ அங்க. கொரல் மட்டும்தான் தெரியும்… ஆமா, அந்தக் கொரலத்தான்… பைத்தியம்லாம் புடிக்கல… அவளுக்குத் தெரியுமான்னா…”

அவன் பார்வை மேசைமேல் கிடந்த போனில் விழுந்தது. இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை மெல்ல இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“இப்போ தெரிஞ்சிருக்கும்மா.”

பார்த்தசாரதி நனைந்த சட்டையோடு பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை வருட வேலையில் அவர் இவ்வளவு ஆவலோடு எதையும் கேட்டதில்லை. மேசைப் போன் பேசியது. முதலில், கணினி நலமாக வந்து ஓடுகிறது என்றது. பிறகு, கொஞ்சம் இருமிவிட்டு, தான் பெந்தெகொஸ்தே என்றும், அது ரூபஸின் அம்மாவுக்குப் பரவாயில்லையா என்று கேட்டுச் சொல்லும்படியும் சொன்னது.

ரூபஸ் ஈரம் என்றுகூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“மா… மா, அவங்க பெந்தெகொஸ்தேவாம். உனக்கு ஓகேவான்னு கேக்கறாங்க… ஆமாமா, அவளேதான் கேக்கறா… நகையா? போட மாட்டாங்கதான்… கம்மல்கூட இல்ல… மா? ஏன் சும்மா கீற?… எதுனா சொல்லுமா…”

பார்த்தசாரதி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டார், யாரிடம் வேண்டுகிறார் என்று தெரியாமல்.

“…இன்னாது? தாலி?… அத்த அப்புறம் பேசிக்கலாம்… அப்போ சரின்றியா?… நெசமாவா?… மா!… ஆமா, ஆமா, சொல்லிட்றேன்… இரு, அது இன்னா சத்தம்? சாவி எதுக்கு எடுக்கற?… நசரத்பேட்டைக்கா? இப்போவா?… தாட்சாயிணி ஆன்ட்டியுமா? வேணாம்மா, உள்ளயே உட மாட்டாங்க… கேட்டாண்டயே நிப்பியா?… மா, நில்லு, நானே அவள இன்னும் பாக்கல! மொதல்ல நான் பாத்துட்டு வர்றேன்மா! மா, நான்தானமா மொதல்ல…”

ஸ்கூட்டர் ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.