கரும்பலகையில் விடை எழுதாத சாய்வு

வியாழக்கிழமை மாலை, பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வடிவு டீச்சர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜீப்பில் ஏற்றி, மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. நடந்தது இதுதான்.

மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் சேனாதிபதி அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்குப் பள்ளங்கியிலிருந்து வந்திருக்கும் பெற்றோரே, பெருமாள்மலைக் கடைவீதி மக்களே, வணக்கம். நான் சம்சுல் ஆலம். டீச்சரின் மாலை வகுப்பு நடந்தது என் இரும்புக்கடை மாடியில்.

நாலு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடிக் கரும்பலகையை இன்னும் யாரும் அழிக்கவில்லை. y = 20x + 300. ஜீப் வாடகைக் கணக்கு. அதற்குக் கீழே 'சாய்வு =' என்று எழுதியிருக்கிறார். விடை இல்லை.

கணித ஆசிரியை வடிவு அம்மையாரைப் போல இந்தப் பாடத்தை யார் நடத்தினார்கள்? நம் மலைப் பிள்ளைகள் செய்கிற தப்பு ஒன்றே ஒன்று. உயரத்தைச் சாய்வென்று நினைப்பார்கள். "எங்க ஊருதான் டீச்சர் ஒசரம், எங்களுக்குத்தான் சாய்வு சாஸ்தி" என்பான் ஒருவன்.

"ஏலே, கொடைக்கானல் ஏரி ரோடுந்தான் ஒசரத்துல கெடக்கு. அங்க சைக்கிள் மிதிச்சா மூச்சு வாங்குதா? எங்கன ஆரம்பிக்குதோ அது வெட்டுத்துண்டு. போகப்போக எம்புட்டு ஏறுதோ அதுதான் சாய்வு. ஜீப்புல ஏறி உக்காந்ததும் முந்நூறு, அது வெட்டுத்துண்டு. அப்புறம் கிலோமீட்டருக்கு இருபது."

"எங்க மாமா முப்பது வாங்குவாரு டீச்சர்."

"அப்ப உங்க மாமாவுக்குச் சாய்வு சாஸ்தி. நீ நடந்தே வா."

கீழே கடையில் இருக்கும் எங்களுக்கும் அந்தச் சிரிப்பு கேட்கும்.

படத்திறப்பு என்கிறீர்கள், கல்வெட்டு என்கிறீர்கள். செய்யுங்கள். நாளை மாலை வகுப்புக்கு என்ன வழி? பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இருப்பது ஐந்தே வாரம். கல்வெட்டு வந்து கணக்குப் போடுமா? மாலை போட்ட படம் விடை சொல்லுமா? இந்தப் பிள்ளைகள் கணக்கில் தவறினால் பாதிப் பேர் கேரட் தோட்டத்துக் கூலிக்குப் போவார்கள். அது நடக்கக் கூடாது என்றுதானே அவர் மாடிப்படி ஏறினார்?

அதனால் கூட்டம் தொடங்கும் முன்பே, வாசலில் இன்னொரு கணக்கு ஆசிரியையான புவனா டீச்சரைப் பிடித்து, மாலை வகுப்பை நீங்கள் எடுப்பீர்களா என்று கேட்டுவிட்டேன்.

"பாய், வகுப்பு முடிஞ்சு வட்டக்கானலுக்கு நான் எதுல போறது? பாதியில மாடி வாடகைய ஏத்துனீங்கன்னா?" என்றார்.

வியாபாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி. பேசி முடித்தோம். சபையறியச் சொல்கிறேன். நாளை அந்த விடையை எழுதி, விட்ட இடத்திலிருந்து புவனா டீச்சர் தொடங்குவார். வகுப்பு முடிந்ததும் என் மகன் ஜாசிம் ஜீப்பில் வட்டக்கானலில் கொண்டுபோய் விடுவான். மாடிக்கு முன்பணம் பூஜ்யம், மாத வாடகை பூஜ்யம். வெட்டுத்துண்டும் இல்லை, சாய்வும் இல்லை. கெடு, வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது வந்துகொண்டிருக்கும்வரை.