லாபம், ரெண்டு, மூணு

இரவு பதினொன்றரை மணி. புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவில் வருகிற ரோடு. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை... நடுவில் ஒரு ஸ்கூட்டர். அதன் மேல் கோமதிசங்கர். இதோ, சுவரோர நாற்காலியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே வெங்கடேஷ், அவனுடைய அத்தான்.

அத்தான் ஏழு வருடமாக பிஎச்.டி. செய்கிறார். விக்டோரியா ராணி காலத்து அட்டைப் படங்களும் அவற்றை எடுத்த ஸ்டுடியோக்காரர்களும்தான் ஆராய்ச்சி. அட்டைகளின் பின்பக்கம் 'ஜே. சாமுவேல், போட்டோகிராபர், சங்கரநயினார்கோவில்' என்று, சங்கரன்கோவிலின் பழைய பேரோடு ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். சாமுவேல் நம்மூர்க்காரர் என்பது இவர் கட்சி. வெள்ளைக்காரன் என்பது கைடு நல்லக்கண்ணுவின் கட்சி.

"நம்மாளுன்னா ஆதாரம் கொண்டாரும் வே. இந்த மாசம் விட்டா பதிவே ரத்து. பொறவு எலுமிச்சங்கா ஏவாரத்துக்குத்தான் போவணும்."

அன்றைக்கு எலுமிச்சங்காய் வியாபாரி ஒருவர் வீட்டுப் பரணிலேயே ஓர் ஆல்பம் கிடைத்திருந்தது. அத்தனையும் சாமுவேல் எடுத்தவை. பெரிய மீசைகள், காதில் பெரிய பாம்படங்கள். யார் முகத்திலும் 'என்னை எடுத்தது நம்மாள்' என்று எழுதியிருக்கவில்லை.

பாதி வழியில் ஸ்கூட்டர் நின்றது. பெட்ரோல் இருந்தது. ஆத்திரத்தில் ஓர் உதை விட்டார். கால்தான் வலித்தது. பக்கத்தில் ஒரு பஸ் ஸ்டாப். இருட்டுக்குள் எங்கோ காற்றாலை... உஷ்... உஷ்...

பெஞ்சில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் ஆல்பத்தைப் புரட்டினார். ஒவ்வொரு படத்திலும் ஆளின் பாதத்துக்குப் பின்னால் மூன்று இரும்புக் கால்கள் எட்டிப் பார்த்தன. அவருக்குத் தெரிந்த சங்கதிதான். அந்தக் காலத்தில் படம் பதிய நேரமாகும். தலை ஆடக்கூடாது. அதனால் பின்னால் ஓர் இரும்புத் தண்டை நிறுத்தி, அதன் கவட்டையால் பிடரியைப் பிடித்துவிடுவார்கள்.

கடைசிப் படத்தில் நாற்காலி இருந்தது, தண்டு இருந்தது... ஆள் இல்லை.

"இதுக்கெல்லாம் ஒரு படம்," என்று சலித்தபடி பின்னால் சாய்ந்தார்.

பிடரியில் சில்லென்று இரண்டு விரல். விரல் இல்லை... இரும்பு.

ஊசி போடுவதற்கு முன் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட் வாடை. கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல்.

"அசையாதேயும்."

பிறகு எண்ணத் தொடங்கியது.

"லாபம்... ரெண்டு... மூணு..."

களத்தில் நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள். லாபம் என்பார்கள். எந்த வெள்ளைக்காரன் லாபம் என்று எண்ணுவான்? உயிர் போகிற பயத்திலும் கோமதிசங்கருக்கு ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்ட சந்தோஷம். ஆதாரம் காதுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறது. மடியில் போன். ரெக்கார்டை அமுக்க ஒரு விரல் போதும்... அந்த ஒரு விரல் வரவில்லை.

"கண்ணச் சிமிட்டிட்டீரு. இன்னொண்ணு எடுப்போம்."

மறுபடி லாபம். மறுபடி சிமிட்டல். முதல் பஸ்ஸின் வெளிச்சம் விழும்வரை.

கடைசிப் படத்தில் இப்போது ஆள் இருந்தது. இவருடைய கட்டம் போட்ட சட்டை. கழுத்தில் ஐடி கார்டு. முகம் மட்டும் புகையாகக் கலைந்திருந்தது.

காலையில் நல்லக்கண்ணு வாங்கிப் பார்த்தார். "மூஞ்சியே தெரியலயே, யாருன்னு எழுத? பேய் எண்ணுச்சுன்னா, அடிக்குறிப்புல அதுக்குப் பக்க எண் என்ன வே?"

அன்று ராத்திரி வெங்கடேஷை அழைத்துக்கொண்டு அதே பஸ் ஸ்டாப். போனில் ரெக்கார்டை முதலிலேயே போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெங்கடேஷ் கொஞ்சம் தள்ளி வண்டியில்.

"அத்தான், வீட்டுக்குப் போயிருவோம். அக்கா வையும்."

"ஏலே, ஏழு வருசம்லா. சும்மா கெட."

அன்றைக்கு அவர் சிமிட்டவே இல்லை.

படம் கண்ணாடி போல விழுந்திருந்தது. கைடு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு தெளிவா இருந்தா எவன் நம்புவான்? நீரே எங்கயோ போய் எடுத்துட்டு வந்திருக்கீரு."

"சார், ரெக்கார்டு இருக்கு."

போட்டார். காற்றாலை... மூச்சு... பிறகு, "லாபம்... ரெண்டு..." ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. குரல் கோமதிசங்கருடையது.

"உம்ம குரல்தான வே இது?"

அந்த மாதக் கடைசியில் பதிவு ரத்தானது.

ரெக்கார்டின் முடிவில் இன்னொரு வரி உண்டு. அதுவரை கேட்க கைடுக்குப் பொறுமை இல்லை. அதுவும் அத்தான் குரல்தான்.

"நல்லா விழுந்திருக்கு. வண்டியில இருக்க ஆள வரச் சொல்லும்."

அந்த ராத்திரிக்கு மறுநாள் காலையிலிருந்து தன் கழுத்து பிடித்துக்கொண்டது என்கிறான் வெங்கடேஷ். இந்தக் கதை தொடங்கியதிலிருந்து அவன் ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை... கவனித்தீர்களா? போர்வை தரைவரை தொங்குகிறது. தைரியம் உள்ளவர் யாராவது கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். கீழே, நாற்காலியின் நாலும் அவனுடைய இரண்டும் போக, எத்தனை கால் என்று எண்ணுங்கள்.

லாபத்திலிருந்து.