நான் சொல்றேன், நீங்க அடிங்கோ

காமு: அதை ஏன் அப்படி அழுத்திப் பிடிக்கறேள்? அது மௌஸ்னா. சப்பாத்திக் கட்டை இல்லை.

சுந்தரராமன்: தெரியும்டி. நகர மாட்டேங்கறது.

காமு: அந்தரத்துல தூக்கிண்டு இருந்தா எப்படி நகரும்? மேஜை மேல வையுங்கோ. ம்... இப்ப தள்ளுங்கோ. மெள்ள!

சுந்தரராமன்: அட, போறதே! அந்த அம்புக்குறி போறது பாரு!

காமு: போகும், போகும். ராக்கெட் விட்ட மாதிரி கத்தாதேள். பக்கத்தாத்து ஸ்ரீநிவாசன் ஜன்னல்லதான் நிப்பார்.

சுந்தரராமன்: ஐயய்யோ... ஜன்னலைச் சாத்து முதல்ல.

காமு: எதுக்கு? ஊரே கொண்டாடற "கம்ப்யூட்டர் சுந்தரராமன் சார்" கம்ப்யூட்டரைத் தொட்டா அதுல என்ன வெக்கம்?

சுந்தரராமன்: குத்தாதே. அஞ்சு மணிக்கு மீட்டிங். இப்ப மணி என்ன?

காமு: மூணு.

சுந்தரராமன்: ரெண்டு மணி நேரத்துல ஒரு மனுஷன் கம்ப்யூட்டர் கத்துக்கணும்னா... எல்லாம் அந்தக் குப்புராஜ் பண்ணின வேலை. அவன் அப்பா நிலத்தைப் பிளாட் போட்டு வித்தார், நாம வாங்கி வீடு கட்டினோம். அதுக்காக நலச் சங்கமும் அவன் சொத்தா? "தேர்தல் நடக்கற மீட்டிங்ல மினிட்ஸை செயலாளரே டிவில எல்லாரும் பார்க்க டைப் பண்ணணும்"னு தீர்மானமாம்! சிறுசேரி ஐ.டி. கம்பெனில வேலை பார்க்கற பசங்க எல்லாம் கை தட்டறான்.

காமு: நீங்களும் சேர்ந்து தட்டினேளே.

சுந்தரராமன்: பின்ன? நான்தானே செயலாளர், எல்லாரும் என் மூஞ்சியையே பார்க்கறா. "தாராளமா, எனக்கென்ன!"ன்னுட்டேன். வாய்ல வந்துடுத்து.

காமு: உங்க வாய்க்கு எல்லாம் வரும். விரலுக்குத்தான் ஒண்ணும் வராது.

சுந்தரராமன்: இத்தனை வருஷத்துல ஒருத்தன் குறை சொல்லியிருப்பானா? "சார் போடற நோட்டீஸைக் கண்ல ஒத்திக்கலாம், மார்ஜின் எவ்வளவு நேரா இருக்கு"ன்னு...

காமு: மார்ஜின்னா என்ன? சொல்லுங்கோ, கேப்போம்.

சுந்தரராமன்: அது... ஓரமா... இப்ப என்னை எதுக்குக் கேள்வி கேக்கறே? பதவி போயிடும்டி. பதவி போனாக்கூடப் பரவால்லை, மானம் போயிடும். சொல்லிக்குடு.

காமு: சரி. அந்த நீல ஐகான் மேல அம்புக்குறியை வெச்சு ரெண்டு தட்டு தட்டுங்கோ. டபுள் கிளிக்.

சுந்தரராமன்: டக்... டக்.

காமு: வாயால சொன்னா திறக்காதுன்னா! விரலால. ரெண்டு தட்டுக்கும் நடுவுல காப்பி குடிச்சுட்டு வராதேள். சேர்ந்தாப்பல தட்டணும்.

சுந்தரராமன்: திறந்துடுத்து! வெள்ளையா ஒரு பக்கம் வந்திருக்கு. அதுல ஒரு சின்னக் கோடு, விட்டு விட்டுத் துடிக்கறது. ரிப்பேரா?

காமு: ரிப்பேர் இல்லை, கர்சர். அது எங்க துடிக்கறதோ எழுத்து அங்கதான் விழும். எப்ப அடிப்பேள்னு உங்களுக்காகக் காத்துண்டிருக்கு.

சுந்தரராமன்: ஜான்சி மாதிரி.

காமு: எந்த ஜான்சி?

சுந்தரராமன்: ஆபீஸ்ல என் ஸ்டெனோ. நான் வாயைத் திறக்கற வரைக்கும் பென்சிலை வெச்சுண்டு அப்படியே உக்காந்திருப்பா. பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டா.

காமு: ஆபீஸ்ல ஜான்சி, ரிடையர் ஆனப்பறம் ஆத்துல காமு. நல்ல ஜாதகம்னா உங்களுக்கு. நீங்க சொன்னாப் போறும், எவளாவது ஒருத்தி உக்காந்து அடிப்பா.

சுந்தரராமன்: டிக்டேஷன் குடுக்கறதும் ஒரு கலைடி. எல்லாருக்கும் வந்துடாது.

காமு: ஆஹா. அந்தக் கலையை ஓரமா வெச்சுட்டு இப்ப நீங்களே அடிங்கோ. "வரசித்தி நகர் நலச் சங்கம், செம்பாக்கம்." இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா அதுவே தமிழா மாத்திக்கும்.

சுந்தரராமன்: வி எங்க? ஏண்டி, இது ஏ, பி, சி, டின்னு வரிசையா இருக்கப்படாதோ? எந்த மடையன் இப்படிக் கலைச்சுப் போட்டான்?

காமு: உங்களைக் கேட்டுட்டுப் போட்டிருக்கணும், தப்புதான். கீழ் வரிசைல பாருங்கோ.

சுந்தரராமன்: ம்... வர... சித்தி... நகர்... வரதுடி, தமிழ்ல வரது! நலச்... சங்கம்... கமா...

காமு: கொஞ்சம் நகருங்கோ, பார்க்கறேன். இதென்னது? "நலச் சங்கம் கமா செம்பாக்கம் ஃபுல் ஸ்டாப்"னு அடிச்சு வெச்சிருக்கேள்!

சுந்தரராமன்: அங்க கமா வரணுமே.

காமு: கமா வரணும்னா கமாவைப் போடணும். "கமா"ன்னு யாராவது எழுதி வெப்பாளா?

சுந்தரராமன்: நான் எப்பவும் அப்படித்தானே சொல்லுவேன்? கமா, ஃபுல் ஸ்டாப், நியூ பாரா... சொல்லிண்டே போனா நீ போட்டுடுவியே.

காமு: நான் போட்டுடுவேன். அந்தப் பெட்டிக்குள்ள நான் இல்லையேன்னா.

சுந்தரராமன்: சரி, சரி. எப்படி அழிக்கறது?

காமு: பேக்ஸ்பேஸ். வலது பக்கம் மேல, நீளமா இருக்கு பாருங்கோ. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எழுத்து... எடுங்கோ, விரலை எடுங்கோ, ஏன்னா!

சுந்தரராமன்: ஐயோ! எல்லாம் போயிடுத்து! அரைமணி நேர உழைப்பு!

காமு: ஒரே ஒரு வரி. ஒப்பாரி வெக்காதேள். கண்ட்ரோலை அமுக்கிண்டு இஸட் தட்டுங்கோ.

சுந்தரராமன்: காமு! போனது திரும்பி வந்துடுத்துடி!

காமு: அதுக்குப் பேர் அண்டூ. பண்ணின தப்பைப் பண்ணாத மாதிரி ஆக்கிடும்.

சுந்தரராமன்: அடாடா. இதைக் கண்டுபிடிச்சவனுக்குக் கோவில் கட்டலாம். உலகத்துல இது ஒண்ணு இருந்தாப் போறுமே.

காமு: உலகத்துல கிடையாது. இதுக்குள்ள மட்டும்தான்.

குப்புராஜ்: சார்! வூட்ல கீறீங்களா?

சுந்தரராமன்: அவன்தான்! மூடு, லேப்டாப்பை மூடு!

காமு: ஸேவ் பண்ணாம மூடினா எல்லாம் போயிடும். இருங்கோ... கதவு திறந்துதான் இருக்கு. வாங்கோ குப்புராஜ்.

குப்புராஜ்: வணக்கம் மாமி. இன்னா சார், வேர்த்து ஊத்துது? ஃபேன் ஓடிகினுதானே கீது?

சுந்தரராமன்: ஒண்ணுமில்லை... சாயங்காலத்துக்கு அஜெண்டா டைப் பண்ணிண்டிருந்தேன். கொஞ்சம் வேகமா அடிச்சேன், அதான்.

குப்புராஜ்: அட்ச்சுகினு இருங்க சார். ஹால்ல டிவி மாட்டியாச்சு. இம்மாம் பெருசு. கடைசி வரிசைல குந்திகினு கீறவனுக்கும் ஒவ்வொரு எய்த்தும் தெரியும்.

சுந்தரராமன்: ஒவ்வொரு எழுத்துமா?

குப்புராஜ்: பின்ன? உங்க ஸ்பீடைப் பார்க்கணும்னு பசங்க ஃபோனை வெச்சுகினு ரெடியா கீறானுங்க. லேடீஸும் மொத்தமா வர்றாங்க. எங்கூட்டு பொன்னியம்மா காலைலேந்து தெருத் தெருவா போயி கூப்ட்டுகினு கீது. மாமி, உங்களுக்கு முன்னாடி சேர் போட்ருக்குது.

சுந்தரராமன்: அவளுக்கு எதுக்கு முன்னாடி? டிவி, கம்ப்யூட்டர்னாலே அவளுக்குப் பயம்.

குப்புராஜ்: ஆமாமா. போன வாட்டியே நீங்க சொன்னீங்களே.

சுந்தரராமன்: குப்புராஜ்... நாழியாறது. நீங்க போய் ஹால்ல வேலையைப் பாருங்கோ.

குப்புராஜ்: தோ, கெளம்பிட்டேன். மாமி, அந்த மேட்டரு...?

காமு: ஆச்சு. நீங்க போங்கோ.

குப்புராஜ்: சூப்பரு. வர்ட்டா சார்? கைக்கு எண்ணெய் கிண்ணெய் போட்டுகினு வாங்க!

சுந்தரராமன்: நக்கலைப் பாரு அவனுக்கு. ஆமா, என்ன மேட்டர்?

காமு: டிவில மாட்டறதுக்கு நம்மாத்து ஒயரைக் கேட்டிருந்தார். அது கிடக்கட்டும். போன வாட்டி என்ன சொன்னேள்?

சுந்தரராமன்: எந்த வாட்டி?

காமு: போன தேர்தலப்போ லேடீஸ் எல்லாம் சேர்ந்து, "மாமியைக் கமிட்டில போடுங்கோ"ன்னு கேட்டாளாமே.

சுந்தரராமன்: ...யார் சொன்னா?

காமு: பொன்னியம்மாதான். ஏரிக்கரைல வாக்கிங் போறச்சே. "ஏன் மாமி, கம்ப்யூட்டர்னா உங்களுக்கு அம்மாம் பயமா? தொடவே மாட்டீங்கன்னு சார் சொன்னாரே"ன்னு.

சுந்தரராமன்: சும்மா ஒரு பேச்சுக்கு... உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்னு...

காமு: எனக்கு வலிச்சதுன்னா. நோட்டீஸ்ல என் பேர் வராட்டா போறதுன்னு நானே விட்டுட்டேன். புகழை எல்லாம் நீங்களே வெச்சுக்கோங்கோன்னு விட்டேன். ஆனா எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவேளா? அன்னிக்குக் காலம்பறக்கூட நான்தானே தண்ணி லாரி நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தேன்? அதைக் கையில வெச்சுண்டே சொல்லியிருக்கேள்!

சுந்தரராமன்: சரி, தப்புதான். மீட்டிங் முடியட்டும், நீதான் அடிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.

காமு: எல்லார்கிட்டயுமா?

சுந்தரராமன்: ...முக்கியமானவா ரெண்டு பேர்கிட்ட.

காமு: அதானே பார்த்தேன். தலைப்பைத் தடியாக்குங்கோ.

சுந்தரராமன்: கோவமா?

காமு: கோவம் என்ன கோவம்? மௌஸை அமுக்கிண்டே தலைப்பு மேல இழுங்கோ. அதுதான் ஸெலக்ட். மேல 'பி' இருக்கு, அதைத் தட்டுங்கோ, போல்ட் ஆயிடும்... ஏன்னா, நடுவுல கொண்டு வர ஸ்பேஸை எதுக்குத் தட்டிண்டே இருக்கேள்? கோடு கோடா இருக்கே, அதுல ரெண்டாவது. அது தானே நடுவுல நிறுத்தும்.

சுந்தரராமன்: அட! கச்சிதமா நின்னுடுத்து. நீ பொல்லாதவடி.

காமு: இப்ப ஸேவ். கண்ட்ரோல், எஸ். ஃபைலுக்கு ஒரு பேர் வையுங்கோ.

சுந்தரராமன்: வெச்சாச்சு. இனிமே பயமில்லை. நீ அஜெண்டாவைச் சொல்லு, நான் அடிச்சுப் பழகறேன்.

காமு: ரொம்ப நாளா இந்த வார்த்தைக்குத்தான் காத்துண்டிருந்தேன். நான் சொல்றேன், நீங்க அடிங்கோ. பொருள் ஒண்ணு: சென்ற கூட்டத்தின் அறிக்கை.

சுந்தரராமன்: ...அறிக்கை. அடிச்சாச்சு.

காமு: என்டர் தட்டி அடுத்த வரிக்கு வாங்கோ. பொருள் ரெண்டு: ஏரிக்கரைத் தெருவிளக்கு.

சுந்தரராமன்: ...விளக்கு. பார்த்தியா, கை ஓட ஆரம்பிச்சுடுத்து!

காமு: பொருள் மூணு: செயலாளர் தேர்தல். போட்டியிடுவோர்... உங்க பேர்.

சுந்தரராமன்: சுந்தர... ராமன். ஃபுல் ஸ்டாப்.

காமு: ஃபுல் ஸ்டாப் வேண்டாம். கமா.

சுந்தரராமன்: எதுக்குக் கமா? நான் ஒருத்தன்தானே நிக்கறேன்?

காமு: கமான்னா கமா போடணும். ஜான்சி எதிர்த்துப் பேசுவாளா?

சுந்தரராமன்: போட்டுட்டேன்... ஓ! குப்புராஜ் நிக்கறானா? எனக்கு அப்பவே தெரியும், அந்தச் சிரிப்பு...

காமு: அடிங்கோ. எஸ். காமாட்சி.

சுந்தரராமன்: எஸ்... காமாட்சி. அது யாருடி? நம்ம நகர்ல காமாட்சின்னு... மூணாவது தெருல ஒரு டீச்சர் இருக்காளே, அவளா?

காமு: இனிஷியல் உங்களோடதுன்னா. கல்யாணப் பத்திரிகைல என் முழுப் பேரை ஒரு தடவை பார்த்திருப்பேள். அப்பறம் மறந்துடுத்தாக்கும்.

சுந்தரராமன்: காமு... விளையாடாதே. கண்ட்ரோல்... இஸட்... கண்ட்ரோல் இஸட்...

காமு: நன்னாத் தட்டுங்கோ. ஸ்கிரீன்லேர்ந்துதான் போகும். மனுவைக் காலம்பறவே சங்கத் தலைவர் கையில குடுத்தாச்சு. பொன்னியம்மா முன்மொழிஞ்சிருக்கா.

சுந்தரராமன்: அடிப்பாவி! எதிர்த்து நின்னுண்டா எனக்கு உக்காந்து சொல்லிக்குடுத்தே?

காமு: ஒண்ணுமே தெரியாத மனுஷனை ஜெயிச்சேன்னு எனக்குப் பேர் வேண்டாம். இப்ப உங்களுக்குக் கர்சர் தெரியும், ஸேவ் தெரியும், கமாகூடத் தெரியும்.

சுந்தரராமன்: அப்போ... அந்த டிவி தீர்மானம்? அந்த மடையனுக்கு இவ்வளவு மூளை ஏதுன்னு அன்னிக்கே நினைச்சேன். யார்டி அவனுக்கு அதை எழுதிக் குடுத்தது?

காமு: எழுதிக் குடுக்கலைன்னா. நான் வரிவரியாச் சொன்னேன், அவர் அடிச்சுண்டார். டிக்டேஷன் குடுக்கறதும் ஒரு கலைன்னு நீங்கதானே சொன்னேள்?