எட்டாம் படுக்கையின் அலாரம்

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மெஷினின் சத்தத்தைத்தான் சார் முதலில் நிறுத்தினேன். துவைத்து முடித்ததும் அது விட்டுவிட்டுக் கத்தும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி எச்சில் கையோடு எழுந்து ஓடுவாள். பாதி வழியில் நின்று, "ச்சே, வார்டுன்னு நெனச்சுட்டேன்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு மனசைப் பிசையும்.

அவள் நர்ஸ். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் கணினிகளைப் பராமரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. நாலு பேர் பார்க்க வேண்டிய வார்டை அங்கே இரண்டு பேர் பார்த்தார்கள். படுக்கைக்கு ஒரு மானிட்டர். நோயாளி இருமினால் அலறும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் அலறும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. இதைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று என் மேனேஜரிடம் கேட்டேன். "அது டாக்டருங்க சொல்லணும்பா. உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. மருத்துவமனையில் அடிக்கடி பாஸ்வேர்டை மாற்றச் சொல்வார்கள். அவளுக்கு அது பெரிய தலைவலி. "நீங்களே எதையாவது போட்டுக் குடுங்களேன்" என்பாள். போட்டுக் கொடுப்பேன். அதனால் என் சீட்டில் உட்கார்ந்தபடியே அவள் பெயரில் உள்ளே போய், அவள் பார்க்கும் படுக்கைகளின் அலாரச் சத்தத்தை நிறுத்துவது ஒன்றும் சிரமமாக இல்லை. எண்கள் ஓடும், சிவப்பு விளக்கு எரியும். சத்தம் மட்டும் வராது.

அந்த வாரம் அவள் ஆளே மாறிவிட்டாள். "என்னமோ தெரியல, வார்டே நிம்மதியா இருக்குங்க" என்றாள். குளித்துவிட்டு வந்து பாட்டுக்கூட முணுமுணுத்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் சார் அது.

எட்டாம் படுக்கையில் ஒரு தையல்காரர். உடம்பு தேறி, வீட்டுக்குப் போகவிருந்தவர். மதியம் அவள் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இன்னொருவருக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இவருக்கு மூச்சடைத்தது. அவருடைய ஆக்சிஜன் எண் இறங்குவது என் ஆபீஸ் திரையிலும் தெரிந்தது. கிளிப் நழுவியிருக்கும் என்றுதான் நினைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது கோடு நேராகிவிட்டிருந்தது.

அலாரத்தைப் பழையபடி மாற்றி வைத்தேன். அப்புறம்தான் அவளிடமிருந்து வந்த போனை எடுத்தேன். "அலாரம் அடிக்கவே இல்லங்க, சத்தியமா அடிக்கல" என்று கதறினாள். அழாதே என்றேன்.

விசாரணையில், அலாரத்தை நிறுத்தியது அவள் பெயரில் பதிவாகியிருந்தது. பேயறைந்தவள் மாதிரி வீட்டுக்கு வந்தாள். "நான் நிறுத்தலைங்களே?" என்று என்னைக் கேட்டாள். "களைப்புல நீயே நிறுத்தியிருப்பம்மா. உனக்கு ஞாபகம் இருக்காது" என்றேன். "அப்படித்தான் இருக்கும்" என்றாள். நான் எது சொன்னாலும் நம்புவாள், பாவம்.

தையல்காரரின் மகள் சண்டை போடத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "உங்கப்பாவை நான்தாம்மா கொன்னுட்டேன்" என்று இவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்கக்கா" என்று வந்தவளும் சேர்ந்து அழுதாள். நான் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். எனக்கும் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. நம்புங்கள்.

எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றியது என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். மறுத்துப் பேச வரவில்லை. நான்தான் செய்தேன். ஆனால் அவள் இந்த ஸ்டேஷனின் பக்கத்து அறையில், எல்லாம் தன் தப்புதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாளே. யாரும் அவளை மிரட்டவில்லை, அவளாகவே போட்டாள். ஒரு சாவுக்கு ஒருத்தர் போதாதா? யோசித்துப் பாருங்கள். நானும் உள்ளே போய்விட்டால் அவளை யார் சார் பார்த்துக்கொள்வார்கள்?