முதுகுல தட்டுன கை

இல்லக்கா, தண்ணியெல்லாம் வேணாம். அந்தக் கையோட நீங்க எந்திரிக்காதீங்க, மாவுக்கட்டு இன்னும் பிரிக்கல போல. நான் ரெண்டு நிமிஷம் பேசிட்டுக் கெளம்பிடறேன்.

அப்பாவுக்கா? அதுக்குத்தான் வந்தேன். சளி அப்படியே நெஞ்சுல அடைச்சுக் கெடக்கு. மூச்சு விடறதுக்குள்ள மனுஷனுக்கு உசுரு போயி உசுரு வருது. உங்களுக்குப் பதிலா ரெண்டு நர்சுங்கள மாத்தி மாத்தி வார்டுல போட்டாங்க. ரெண்டு பேரும் அவரத் தொடவே பயப்படறாங்க. எங்களையும் எவனாவது படம் புடிச்சுப் போட்டான்னா நீங்களா வருவீங்கன்னு கேக்கறாங்க.

ஆமா, பக்கத்துக் கட்டிலப் பாக்க வந்தவன்தான். பன்னெண்டு செகண்டு வீடியோ எடுத்திருக்கான். ஒருக்களிச்சுப் படுக்கவெச்சு, உள்ளங்கையக் குழிச்சு, முதுகுல தட்டறீங்க. சளி கழண்டு வரத்தான் தட்டறீங்கன்னு அவனுக்கு என்ன தெரியும்? பெரியவர அடிக்கிற ராட்சசின்னு நெட்டுல போட்டுட்டான். அப்புறம் அவரு கிண்ணத்துல துப்புனாரே, அத எடுக்கல பாருங்க.

அதுக்குக் கீழ வந்த கமெண்ட்டெல்லாம் படிச்சேன்க்கா, ஒண்ணு விடாம. ஆசிட் ஊத்தணுமாம். நடுரோட்டுல கட்டிவெச்சு அடிக்கணுமாம். ஒருத்தி, இடுப்புல புள்ளைய வெச்சிருக்கற படம் போட்டவ, நகத்தப் புடுங்கணும்னு எழுதி பக்கத்துல சிரிக்கிற பொம்மை வேற வெச்சிருக்கா. மறுநாளே நீங்க யாரு, எந்த பஸ் ஸ்டாப்புல நிப்பீங்கன்னு கண்டுபுடிச்சுப் போட்டுட்டானுங்க. கம்பியோட வந்து உங்க கைய ஒடைச்ச தடியனுங்க ரெண்டு பேரும் போலீஸ்ல என்ன சொன்னானுங்க தெரியுமா? எல்லாரும் கேட்டாங்க, நாங்க செஞ்சோம், அவ்வளவுதானாம். த்தூ.

நீங்க தட்ட வேணாம்க்கா. பக்கத்துல நின்னு, எப்படித் தட்டணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தா போதும். நானே தட்டிக்கறேன்.

வர்றீங்களா? இப்பவேவா? இருங்க, செருப்ப மாட்டாதீங்க. இதக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கைய ஒடைக்கணும்னு மொதமொதல்ல எழுதுனது யாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. நான்தான்க்கா. ஆபீஸ்ல சாப்புட்டுக்கிட்டே பாத்தேன். அவரு மூஞ்சி தெரியல, முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. யாரோ ஒரு பெரியவருன்னு நெனச்சேன். எங்கப்பா முதுகு எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா.