அளவுகோல் ஆடிய ஆட்டம்

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருக்கும் தலைவர் அம்மையார் அவர்களே! அறிவில் முதிர்ந்த ஆன்றோர்களே! வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! முடிக்காமலே வந்திருக்கும் துணிச்சல் மிக்க தாய்மார்களே! பின்வரிசையில் கைப்பேசி வெளிச்சத்தில் முகம் மின்னும் இளைய விண்மீன்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

விண்மீன்களின் பிறப்பு, வாழ்வு, ஒப்பீடு பற்றிப் பேசச் சொன்னீர்கள். விண்மீன் எப்படிப் பிறக்கிறது? இருண்ட வெளியில் குளிர்ந்த வாயுவும் தூசும் கூடுகின்றன. கூடியது தன் கனத்தாலேயே சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கச் சூடேறுகிறது. நடுவே வெப்பம் எல்லை மீறியதும் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறத் தொடங்குகிறது. பிறந்தது விண்மீன்! எப்படி வாழ்கிறது? பெரியது ஆடி, ஓடி, அள்ளி இறைத்துச் சில கோடி ஆண்டுகளில் வெடித்துப் போகிறது. சிறியதோ கருமியைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாய் எரிந்து லட்சம் கோடி ஆண்டுகள் தாக்குப்பிடிக்கிறது. காலஞ்சென்ற என் கணவர் இரண்டாம் வகை. சோப்புக் கட்டி கரைந்து இலைபோல் மெலிந்தாலும் புதுக் கட்டியின் முதுகில் ஒட்டிவிடுவார்.

மறைந்தவரைக் கேலி செய்யலாமா என்று முன்வரிசையில் ஓர் அம்மா முகம் சுளிக்கிறார். அம்மா, அவர் இருந்தபோதும் செய்தேன். தொடர்ச்சி கெடக் கூடாது.

இனி ஒப்பீடு. வான் ஆய்வுக்கூடத்தில் வானத்தைப் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளை உருப்பெருக்கியால் அளந்தவள் நான். ஒரு விண்மீனின் ஒளி கூடுகிறதா, குறைகிறதா? எப்படி அறிவது? பக்கத்தில் ஒளி மாறாத ஒன்றைத் தேர்ந்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அதுதான் ஒப்பு விண்மீன். அது மாறலாமா? துணிக்கடைக்காரரின் அளவுகோலே நீண்டு நீண்டு சுருங்கினால் உங்கள் ரவிக்கை என்னாகும்?

ஓராண்டு அளந்தேன். நான் எடுத்துக்கொண்ட விண்மீன் மாறிக்கொண்டே இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று கால் தரையில் பாவவில்லை. அப்போது கடைசி மேசையில் தற்காலிகப் பணியில் இருந்த பெண் கையில் ஒரு குறிப்போடு எழுந்து வந்தார்.

"அக்கா, உங்க நட்சத்திரம் மாறலக்கா. ஒப்பு நட்சத்திரம்தான் மாறுது. மூணாவது ஒண்ணோட வெச்சுப் பாருங்களேன்."

"வந்து ஆறு மாசம் ஆகல, எனக்கே அளக்கக் கத்துத் தர்றியா?"

"நான் கத்துத் தரலக்கா. தகடு கத்துத் தருது."

கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். சிவப்பு மையின் அருமை தெரிந்தவள். அவர் குறிப்பை ஒரே கோட்டில் அடித்தேன். அவர் வேலை நிலைப்பது என் அறிக்கையில் இருந்தது. "கண் போதாது. பணிக்குத் தகுதியில்லை" என்று எழுதிப் பையில் வைத்தேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் வெளியே போய்த் திரும்பினார்.

"பன்னிரண்டரைக்கு வர்றேன்னு சொன்னீங்க. மணி ஒண்ணு!"

"எந்தக் கடிகாரத்துல?"

"சுவர்க் கடிகாரத்துல."

"அது சரியா ஓடுதுன்னு எதை வெச்சுப் பார்த்தே?"

"என் கைக்கடிகாரத்தை வெச்சு."

"கைக்கடிகாரத்தை?"

"சுவர்க் கடிகாரத்தை வெச்சு..."

வானொலிப் பெட்டி மூன்றாம் விண்மீனாக வாய் திறந்தது: "நேரம் பன்னிரண்டு முப்பது." அவர் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். வாதத்தில் வென்றவர் எவ்வளவு சோறு தின்பார் என்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் பூட்டுத் திறக்கும் முன்பே ஆய்வுக்கூட வாசலில் நின்றேன். மூன்றாம் விண்மீனோடு ஒப்பிட்டேன். என் விண்மீன் அசையவில்லை. ஆடியது என் அளவுகோல்! அறிக்கையைக் கிழித்தேன். "மிகச் சிறந்த கண்" என்று புதிதாய் எழுதினேன்.

கைதட்டாதீர்கள்! கதை முடியவில்லை. அந்த ஒப்பு விண்மீன் மாறுவதைக் கண்டதாய் வெளியான குறிப்பில் ஒரே பெயர்தான் இருந்தது. யார் பெயர்? என் பெயர். யார் எழுதினார்? நான் எழுதினேன். அதற்குத்தான் முப்பத்தோர் ஆண்டு கழித்து, "பிழை அறியாத கண்" என்று பொறித்து, இந்தக் கேடயத்தைத் தருகிறீர்கள்.

அந்தக் கடைசி மேசைப் பெண் யார்? கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு மேசையில் தேடும் வழக்கம் அவருக்கு அன்றே உண்டு.

"ஐயோ, அக்கா... பழைய கதை, விடுங்கக்கா!" என்கிறார் தலைவர்.

உட்காருங்கள், தலைவர் அவர்களே! அன்றும் உங்களைப் பேச விடவில்லை. இன்றும் விடுவதாக இல்லை. விண்மீன்களின் உண்மையான ஒளியை ஒப்பிடும் வானியலார் எல்லாவற்றையும் மனத்தால் ஒரே தொலைவில் நிறுத்திப் பார்ப்பார்கள். நான் செய்ததென்ன? என்னை முதல் மேசையில் நிறுத்தினேன், உங்களைக் கடைசி மேசையில் நிறுத்தினேன், பிறகு உங்களுக்கு ஒளி போதாது என்று எழுதினேன்! இன்று ஒரே மேடையில், இரண்டு முழத் தொலைவில் இருக்கிறோம். சபை ஒப்பிட்டுக் கொள்ளட்டும்.

இந்தாருங்கள் கேடயம். முதலில் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குங்கள். பொறித்த என் பெயரைப் படித்துவிட்டு, நாளைக்கே உங்கள் பெயராக மாற்றச் சொல்லுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், கொட்டாவியை மறைத்த நாகரிகத்திற்கும் நன்றி. எனக்குப் பின்னால் உள்ள சுவர்க் கடிகாரம் என் நேரம் முடிந்தது என்கிறது. அதை நான் நம்பவில்லை; ஆனாலும் விடைபெறுகிறேன். வணக்கம்!